பிள்ளைத்தாச்சியோட நயினாதீவு: வான், போட், கோயில் சாப்பாடு எல்லாம் எப்பிடி இருந்தது

போன பங்குனியில தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத் தீவுப்பக்கம் இருக்கிற நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தனாங்கள். அவளுக்கு அப்ப 22ஆம் கிழமை. கலியாணம் கட்டி ஏழு வருசத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை, அதால வீட்டில ஆளாளுக்கு ஒரு பயம், ஆளாளுக்கு ஒரு புத்தி. போக முதல் நான் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரிட்டயும் கேட்டுப் பாத்தன், கோயிலைப் பற்றிச் சொல்லினம், கடலைப் பற்றிச் சொல்லினம், ஆனால் வயித்தில பிள்ளையோட ஒருத்தி அந்தப் போட்டில எப்பிடி ஏறுறது, எங்க இருக்கிறது, எங்க ரொய்லெட்டுக்குப் போறது எண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லை. அதுதான் இவ்வளவு விவரமா எழுதுறன், எங்கள மாதிரி யோசிச்சுக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கு உதவும்.

ஏன் போனனாங்கள் எண்டால் நேத்தி. மூண்டு வருசத்துக்கு முதல் அம்மா தனியப் போய் அம்மாளாச்சியிட்ட, தங்கச்சிக்குப் பிள்ளை தங்கினால் பிறக்க முதல் அவளையே கூட்டிக்கொண்டு வந்து வெள்ளியில நாகம் வைக்கிறன் எண்டு நேந்து போட்டு வந்தவ. நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பற்றி எங்கட பக்கம் சொல்லத் தேவையில்லை, பிள்ளை இல்லாத ஆக்கள் முதல் போற இடமே அதுதான், தீவுப்பக்க ஆக்களில நாகம்மா, நாகேஸ்வரி, நாகலிங்கம், நாகராசா எண்டு எத்தினை பேர் இருக்கினம், பேரைக் கேட்டாலே அந்த வீட்டில ஒரு நேத்தி இருந்திருக்கு எண்டு விளங்கும். ஆனால் நேத்தி வைச்ச அதே அம்மாதான் போற நாள் கிட்டக்கிட்ட "வயித்துப் பிள்ளையோட கடல் தாண்டுறதோ" எண்டு ஒரு கிழமையா நித்திரை இல்லாமல் திரிஞ்சவ.

தங்கச்சி கொழும்பில வெள்ளவத்தையில இருக்கிறாள். 20ஆம் கிழமை ஸ்கேன் முடிஞ்ச பிறகுதான் திகதியே வைச்சனாங்கள். டொக்டர் ஸ்கேனைப் பாத்திட்டு, நச்சுக்கொடி கீழ இறங்கேல்லை, பிரஷர் சரி, சீனி சரி, ஒரு நாளும் இரத்தம் படேல்லை, அப்ப போகலாம், ஆனால் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஒரே இருப்பு இருக்கவேண்டாம், எழும்பி நடக்கோணும், தண்ணி குடிச்சுக்கொண்டே இருக்கோணும் எண்டு சொன்னவ. முதல் மூண்டு மாசம் சத்தியும் தலைச்சுத்தும், கடைசி மூண்டு மாசம் பாரம், இடையில இருக்கிற இந்தக் காலம்தான் பயணத்துக்குச் சுகம் எண்டும் சொன்னவவாம். எங்கட அனுபவத்தில அது முழுக்கச் சரி.

கொழும்பில இருந்து ரெயின்தான். இரவு பஸ்ஸில வந்தால் ஒரு நித்திரையோட விடிய யாழ்ப்பாணத்தில நிக்கலாம், ஆனால் பிள்ளைத்தாச்சிக்கு அது சரிவராது, காலைத் தொங்கப் போட்டபடி இரவு முழுக்க இருந்தால் கால் வீங்கும், ரொய்லெட்டுக்கு பஸ்ஸை மறிச்சுக் கேக்கோணும். ரெயினில எழும்பி நடக்கலாம், ரொய்லெட் இருக்கு, கதவடியில காத்துப் படும். அம்மாவும் இதுக்கு மட்டும் ஒண்டும் சொல்லேல்லை, ஏனெண்டால் 1982இல எங்கட மூத்த அண்ணை வயித்தில இருக்கேக்க அம்மா யாழ்தேவியிலதான் ஊருக்கு வந்தவ. 1956இல ஓடத் தொடங்கின ரெயின், 1990இல நிண்டு போய் 2014இல திரும்ப யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு வந்தது. தங்கச்சி இறங்கி வரேக்க அம்மா பிளாட்பாமில நிண்டு அவளைப் பாக்கேல்லை, வயித்தைத்தான் பாத்தவ.

இனி வான் கதை, இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும்.

முதல் ஒரு வான் ஹயர் இடத்தில பேசி 3000 ரூபா அட்வான்ஸும் கட்டியிருந்தம். போனில நான் வடிவாச் சொன்னனான், பிள்ளைத்தாச்சி ஒராள் வாறா, நடுச் சீற்றில பெல்ட் வேணும், ஏசி வேணும், விடிய ஆறு மணிக்கு நிக்கோணும் எண்டு. ஓம் ஓம் எண்டு எல்லாத்துக்கும் சொன்னவை. வான் வந்தது ஏழு மணிக்குக் கிட்ட, அதுவும் சொன்ன வான் இல்லை வேற வான், நடுச் சீற்றில பெல்ட் இருக்கு ஆனால் கொழுவுற கிளிப் இல்லை, நாடாவை மட்டும் சீற்றுக்கு அடியில சுருட்டிச் செருகியிருந்தது. றைவர் பெடியன் "அக்கா, தீவு றோட்டு தானே, பெல்ட் என்னத்துக்கு" எண்டு கேட்டான். எனக்குச் சரியான கோவம். என்ர மனுசன் பேசாமல் இருந்தார், தங்கச்சியின்ர மனுசன்தான் "வேண்டாம் தம்பி, நீங்கள் போங்கோ" எண்டு திருப்பி அனுப்பினவர். அட்வான்ஸ் இண்டு வரைக்கும் திரும்பி வரேல்லை, ரெண்டு தரம் போன் எடுத்தன், பாப்பம் எண்டு சொல்லினம். காசு போனால் போகட்டும், அந்த வானில அவளை ஏத்தியிருந்தால் நான் வீடு வரும் வரைக்கும் மூச்சு விட்டிருக்க மாட்டன்.

பேந்து பக்கத்து வீட்டு ஓட்டோ அண்ணை ஒராளுக்கு எடுத்துச் சொல்ல, முக்கால் மணித்தியாலத்தில ஒரு வயசான அண்ணை தன்ர சொந்த ஹையேஸ் வானோட வந்தார். அறுவது வயசு இருக்கும், சேட் பொக்கெற்றில சின்னக் கொப்பி ஒண்டு. வந்து இறங்கினவர் எங்களோட கதைக்க முதல் வானுக்குள்ள ஏறி நடுச் சீற்றைப் பின்னால சரிச்சு, தானே ஒருக்கா இருந்து பாத்து, பெல்ட்டை இழுத்துக் கொழுவிக் காட்டினார். "பிள்ளை, கீழ் நாடா வயித்துக்கு மேலால வரக்கூடாது, வயித்துக்குக் கீழ இடுப்பு எலும்பில படுக்கோணும், மேல் நாடா நெஞ்சுக்கு நடுவால வரட்டும்." தங்கச்சி என்னைப் பாத்தாள், ஏனெண்டால் கிளினிக்கில அவளுக்குச் சொன்னதும் அச்சொட்டா அதுதான். தன்ர மருமகளைக் கிளினிக்குக்கு ஏத்தி இறக்கிப் பழகினதாம்.

நான் வானுக்கு மார்க் போடுறதெண்டால் இந்த அண்ணைக்கு முழு மார்க். பண்ணைப் பாலத்தில ஏறினதில இருந்து போட் ஏறுற குறிகட்டுவான் மட்டும் நாப்பதுக்கு மேல ஓட்டேல்லை. குழி வாற இடத்தை முன்னுக்கே தெரிஞ்சு பிறேக்கை மெல்ல மெல்லப் பிடிக்கிறார், வான் குலுங்காமல் இறங்கி ஏறுது. ரெண்டு பக்கமும் முழங்கால் அளவு தண்ணியில சனம் நடந்து நடந்து இறால் பிடிக்குது, தடி நட்டு வலை கட்டியிருக்கினம், என்ர மகன் கண்ணாடியோட மூக்கை வைச்சுக்கொண்டு வந்தவன். வேலணையில அண்ணை ஒரு வீட்டு வாசல்ல நிப்பாட்டி "இது என்ர மச்சாள் வீடு, பிள்ளை ரொய்லெட்டுக்குப் போட்டு வரட்டும், இனிப் போட்டால இறங்கிற வரைக்கும் கஸ்ரம்" எண்டார். கேக்க முதல் செய்த காரியம். அந்த வீட்டம்மா தங்கச்சிக்குச் செவ்விளனி வெட்டிக் குடுத்து, எத்தினை மாசம், முதல் பிள்ளையோ, எந்த ஆஸ்பத்திரி எண்டு எல்லாம் கேட்டு, கிளினிக்கில குடுக்கிற திரிபோசாச் சத்துமா ஒழுங்காத் திண்ணுறியோ எண்டும் கேட்டுத்தான் விட்டவ.

புங்குடுதீவுப் பாலம் தாண்டிக் குறிகட்டுவான் போகேக்க ஒன்பதரை. நாங்கள் ஆறு மணிக்கு வெளிக்கிட்டிருந்தால் சனம் வர முதல் போயிருக்கலாம். சனி ஞாயிறும் போயா எண்ட பௌர்ணமி நாளும் தெற்கில இருந்து நயினாதீவிலயே இருக்கிற நாகதீப புத்த விகாரைக்கு பஸ் பஸ்ஸா ஆக்கள் வருவினம், அண்டைக்குப் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். நாங்கள் போனது புதன்கிழமை, அப்பிடியிருந்தும் ரெண்டு பஸ் நிண்டது. மாசம் பாத்துப் போறதும் முக்கியம். சோளகக் காத்து எழும்பினால் வைகாசிக்குப் பிறகு போட் நல்லாத் தூக்கிப் போடும், வாடைக் காலத்தில மழையும் காத்தும். மாசி பங்குனியில கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், நாங்கள் போன அண்டைக்கு அப்பிடித்தான் கிடந்தது.

போட்டில ஏறுறதுதான் இந்தப் பயணத்தில கஸ்ரமான இடம், கடல் இல்லை. இறங்குதுறையில போட் ஒண்டோட ஒண்டு அணைச்சுக் கட்டியிருக்கும், எங்கட முறை போட் ரெண்டாவதா நிண்டது, அப்ப முதல் போட்டின்ர விளிம்பில கால் வைச்சு, அதைக் கடந்து, மற்றதுக்குள்ள இறங்கோணும். தண்ணி மெல்ல அடிக்க ரெண்டு போட்டுக்கும் இடையில ஒரு சாண் விரியும், திரும்ப மூடும். தங்கச்சி அதைப் பாத்திட்டு அப்பிடியே நிண்டிட்டாள். அம்மா பின்னால நிண்டு "நாகபூசணி, நாகபூசணி" எண்டு மெல்லச் சொல்லுறது எனக்குக் கேக்குது. அப்பதான் போட்டில வேலை செய்யிற பெடியன், இருவது இருவத்தொரு வயசுதான் வரும், ஒரு காலை அந்த விளிம்பிலயும் மற்றக் காலை இந்த விளிம்பிலயும் ஊண்டி ரெண்டு போட்டையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கையை நீட்டினான். தங்கச்சி விரலைப் பிடிக்கப் போக, "அக்கா, விரல்ல பிடிக்காதேங்கோ, வழுக்கும், மணிக்கட்டுக்கு மேல பிடியுங்கோ, நானும் உங்கட மணிக்கட்டில பிடிக்கிறன்" எண்டான். அவள் பிடிச்சாள். "இப்ப வேண்டாம், அலை போகட்டும்... இப்ப வையுங்கோ." ஒரு காலை வைச்சாள், மற்றக் காலை வைச்சாள், உள்ளுக்க போயிட்டாள். மூச்சு விடுற நேரம்தான். அவன்ர கையில அவளின்ர நகம் பதிஞ்ச அடையாளம் சிவப்பாக் கிடந்தது, அவன் அதைப் பாக்கக்கூட இல்லை, அடுத்த ஆளுக்குக் கையை நீட்டிட்டான்.

உள்ளுக்க இறங்கினால் தாழ்வான கூரை, வாங்கு, சனம், எஞ்சின் சூடு, டீசல் மணம். சத்தி வாற ஆக்களுக்கு அந்த மணம் ஒண்டே காணும். அதால இறங்குற படிக்குக் கிட்ட, காத்துப் படுற இடத்தில இடம் கேளுங்கோ, கேட்டால் தருவினம். எங்களுக்குக் கேக்கவும் தேவைப்படேல்லை. வெள்ளைச் சீலை உடுத்த ஒரு சிங்கள அம்மம்மா, விகாரைக்குப் போறவ, தங்கச்சியின்ர வயித்தைக் கண்டோடன எழும்பித் தன்ர இடத்தைக் குடுத்தவ. தங்கச்சிக்குச் சிங்களம் வரும், ரெண்டு பேரும் ஏதோ கதைச்சினம். பேந்து அவ பையைத் துழாவி ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால கீறி மூக்கடியில பிடி எண்டு குடுத்தவ. கால் மணித்தியாலப் பயணம், அந்தக் கால் மணித்தியாலமும் தங்கச்சி தேசிக்காயை மணந்தபடி, அவவின்ர கை தங்கச்சியின்ர முழங்கால்ல. லைஃப் ஜாக்கெற் எல்லாருக்கும் தந்தவை, கீழ் நாடாவை வயித்தில இறுக்காமல் வயித்துக்கு மேல கட்டி விட்டது அந்தப் பெடியன்தான்.

தீவில இறங்கிக் கோயில் வாசலுக்கு வர கிட்டத்தட்டப் பதினொண்டு. கடலுக்குள்ள கிடக்கிற பாம்பு சுத்தின கல்லையும் கருடன் கல்லையும் மகனுக்குக் காட்டினம், அம்மாளுக்குப் பூ கொண்டு வந்த நாகத்தைக் கருடன் மறிச்ச கதையை அம்மா சொல்ல அவன் கேட்ட கேள்விக்கு ஒருத்தரிட்டயும் பதில் இல்லை, "பாம்பு நீந்தேக்க பூவை எங்க வைச்சது?" வீதியில வெயில் ஏறினால் வெறுங்காலோட நிக்க ஏலாது, சுடும். தங்கச்சியை நிழல் பக்கத்தால கூட்டிக்கொண்டு போனம். ஐயரிட்ட விசயத்தைச் சொன்னோடன அவர் சனத்துக்குள்ள நிக்க விடாமல் ஒரு பக்கத்தில தூணோட இருக்கச் சொல்லி, அர்ச்சனை முடிய அங்கயே வந்து விபூதி தந்தவர். வெள்ளி நாகத்தை அம்மா தங்கச்சியின்ர கையிலதான் குடுத்தவ. அவள் அதை வைச்சிட்டுக் கும்பிடாமல் அழுதாள், ஏழு வருசம் அவள் ஒருத்தருக்கும் முன்னால அழுததை நான் காணேல்லை. அதுக்கு மேல அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

பக்கத்தில ஒரு இளம் சோடி, கையில 31 நாள் கழிஞ்ச குழந்தை, பிள்ளையை அம்மனுக்கு வித்து வாங்க வந்தவை. ஐயர் குழந்தையை வாங்கி வைச்சு, பேந்து காசு குடுத்து வாங்கிற மாதிரி வாங்கித் தாய்க்குக் குடுத்தவர். பிள்ளை முழு நேரமும் நித்திரை. தங்கச்சி கண்ணைத் துடைச்சுக்கொண்டு அந்தக் குழந்தையின்ர காலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவள், தேன்குழல் மாதிரிச் சின்னச் சின்ன விரல்.

மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில அன்னதானம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், ஒரு கீரை, கடைசியில பாயசமும் மோரும். எண்ணெய் குறைவு, உறைப்பும் அளவு, வயித்தெரிவு இருக்கிற பிள்ளைத்தாச்சிக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாட்டை நான் அண்டைக்கு எங்கயும் வாங்கியிருக்க ஏலாது. நிலத்தில இருந்துதான் சாப்பிடுறது, ஆனால் பரிமாறின தம்பி ஒராள் கதிரையும் சின்ன வாங்கும் கொண்டு வந்து போட்டிட்டு, மோரை ரெண்டாந்தரம் ஊத்தேக்க "ரெண்டு பேருக்கு எல்லோ குடிக்கோணும்" எண்டிட்டுப் போனவர். காசு ஒருத்தரும் கேக்கேல்லை, நாங்கள் உண்டியல்ல போட்டம். குடிக்கிற தண்ணி மட்டும் வீட்டில கொதிக்க வைச்சு நாலு போத்தல் கொண்டு போனனாங்கள், அதை நீங்களும் செய்யுங்கோ, வெயிலுக்கு நாலும் முடிஞ்சுது.

கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் றிப்போட்டையும் கையோட வைச்சிருந்தம். நயினாதீவிலயும் ஆஸ்பத்திரி இருக்கு, குறிகட்டுவானுக்கு வந்திட்டால் 1990 எண்ட நம்பருக்குப் போன் எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், இதை எல்லாம் முதல் நாளே தங்கச்சியின்ர மனுசன் ஒரு துண்டில எழுதிச் சட்டைப் பையில வைச்சிருந்தவர். தேவைப்படேல்லை, ஆனால் அந்தத் துண்டு இருந்தபடியால்தான் அம்மா போட்டில ஏறினவ.

திரும்பி வரேக்க ரெண்டு மணிப் போட், சனம் குறைவு, தங்கச்சிக்கு மேல் தட்டில நிழல்ல இருக்க இடம் கிடைச்சது. இறங்கிறது ஏறுறதை விடச் சுகம், ஏனெண்டால் அந்த முறை போட் நேரா இறங்குதுறையோட நிண்டது. அண்ணை வானுக்குள்ள ஏசியைப் போட்டுக் குளிர வைச்சுக்கொண்டு நிண்டவர். வீட்ட வந்து சேர நாலே கால், அவளின்ர கால் கொஞ்சமும் வீங்கேல்லை, அம்மா குனிஞ்சு குதிக்காலை அமத்திப் பாத்துத்தான் நம்பினவ.

வானுக்கு முழு நாளைக்கும் 16,000 ரூபா எடுத்தவர். முதல்ல பேசின இடத்தை விட 2000 கூட, அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஒரே ஒரு குறை, அவரிட்ட ஒரு வான்தான், ஒரு றைவர்தான், கோயில் திருவிழாக் காலத்தில கிடைக்க மாட்டார், ஒரு மாசத்துக்கு முதலே சொல்லி வைக்கோணும். யாரிட்ட வான் பிடிச்சாலும் முதல் நாளே நேர போய் வானைப் பாத்து, பிள்ளைத்தாச்சி இருக்கப் போற அந்தச் சீற்றில நீங்களே இருந்து, பெல்ட்டைக் கொழுவிப் பாத்திட்டு அட்வான்ஸைக் கட்டுங்கோ. போனில சொல்லுற ஓமை நம்பிக் கட்டாதேங்கோ.

தங்கச்சிக்கு ஆடியில திகதி. பிள்ளை பிறந்து, துடக்குக் கழிஞ்சு, சோளகம் அடங்கின பிறகு புரட்டாதிக் கடைசியில ஒருக்காப் பிள்ளையோட போகோணும் எண்டு வானுக்குள்ளயே முடிவெடுத்திட்டம், அண்ணை அப்பவே கொப்பியை எடுத்துப் புரட்டாதி எண்டு எழுதி முன்னுக்கு ஒரு புள்ளி வைச்சவர். குழந்தைக்கான சீற் அவரிட்ட இல்லை. அதைக் கொழும்பில வாங்கிக்கொண்டு வாறம் எண்டு தங்கச்சியின்ர மனுசன் சொன்னதுக்கு, அண்ணை அண்டு இரவே தன்ர வான் பெல்ட்டையும் கிளிப்பையும் அடிமட்டம் வைச்சு அளந்து மூண்டு படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பியிருந்தார், கடையில காட்டிப் பொருந்துறதாப் பாத்து எடுங்கோ எண்டு.